கட்டா வளைவில் நின்ற வண்டி

மணாலி

மணாலியின் காலை பியாஸ் ஆற்றின் இரைச்சலோடு விடிகிறது. அந்த இரைச்சலுக்கு நடுவே, விடுதி வாசலில் நின்ற டீசல் வண்டியின் பானெட்டைத் தூக்கி ஆயில் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தார் கரூர்க்காரர் ஒருவர். வயது அறுபத்தொன்று. பஸ்களுக்குக் கூடு கட்டுவதில் பெயர் வாங்கிய ஊரில், ஒரு தனியார் பஸ் கம்பெனியின் பட்டறையில் 34 ஆண்டு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி மகளுடையது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவர், அப்பாவை லடாக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டு, ஒருவழியாகச் சென்ற ஆகஸ்டில் கிளப்பிவிட்டார். கரூரை விட்டு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி அதுவரை ஒரு முனகல்கூட முனகவில்லை.

காலைச் சாப்பாட்டுக்குச் ‘சித்து’ வந்தது. புளிக்கவைத்த கோதுமை மாவுக்குள் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே நெய்யை ஊற்றித் தரும் பண்டம். “கொழுக்கட்டைதான் கண்ணு, கோதுமைக்கு மாறியிருக்குது” என்று அப்பா இரண்டாவதையும் வாங்கிக்கொண்டார்.

வண்டிக்கு நான்காவது வருடம். கம்பெனி கொடுத்த மூன்று வருட வாரண்டி முடிந்திருந்தது. வாங்கியபோதே இருபத்தைந்தாயிரம் ரூபாய் கட்டி எடுத்த நீட்டிப்பு வாரண்டி ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை என்று விற்பனையாளர் சொன்ன அன்றே வாரண்டிக் கையேட்டை மகள் டேஷ்போர்டு அறைக்குள் போட்டு மூடியவர்தான். அதை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தது லேயில்.

தாண்டி

2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை 9.02 கிலோமீட்டர் நீளம். அதற்கு முன் லாஹோல் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டுமானால் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயை ஏறி இறங்க வேண்டும். பனிக்காலத்தில் பாதையே கிடையாது. இப்போது தேவதாரு மரங்களும் ஈர மண்ணுமாக ஒரு பக்கம் நுழைந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் வறண்ட மலைகளும் நீல வானமுமாக மறுபக்கம் வெளியே வரலாம். கூடலூரிலிருந்து குண்டல்பேட்டைக்கு இறங்கும்போது பச்சை மங்கி வறட்சி தொடங்குமே, அது இங்கே ஒரே சுரங்கத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

லாஹோலில் பட்டாணி அறுவடை நேரம். சாலையோரத்தில் பச்சைப் பட்டாணி மூட்டைகளை லாரிக்கு ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் அப்பாவின் கையில் இரண்டு பிடி அள்ளித் திணித்தார்கள், காசு வாங்கவில்லை. உரித்து வாயில் போட்டால் கரும்புத் தித்திப்பு.

சந்திராவும் பாகாவும் கூடும் இடம் தாண்டி. செனாப் ஆறு இங்கேதான் பிறக்கிறது. மணாலி–லே சாலையில் போகிற எல்லோரும் இந்த ஊரை அறிந்திருப்பது வேறொரு காரணத்தால். அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை பல ஆண்டுகளாக இங்கே நின்று பயணிகளை மிரட்டி வந்திருக்கிறது. அப்பா டேங்கை நிரப்பச் சொன்னார், பில் கேட்டு வாங்கினார். பட்டறைக் காலத்துப் பழக்கம் அது. கரூரிலிருந்து போட்ட டீசலுக்கெல்லாம் பில் ஒரு உறையில் வரிசையாக இருந்தது.

வழியில் கேனில் டீசல் விற்பவர்கள் உண்டு, வேண்டுமா என்று மகள் கேட்டபோது அப்பா கண்டிப்பாக மறுத்தார். மறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசலை 1,600, 2,000 பார் அழுத்தத்துக்கு ஏற்றி நாசிலுக்கு அனுப்புகிறது ஒரு பம்ப். அந்தப் பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது. அதன் வழியே ஓடும் டீசலே அதற்கு எண்ணெய். தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் வழுவழுப்பு குறைந்து உலோகம் உலோகத்தை உரசும். உரசிய பொடி குழாய் வழியே போய் நாசில்களைக் கெடுக்கும். ஒரு பாகம் போவதில் தொடங்கி மொத்த எரிபொருள் அமைப்பும் போகும்.

ஜிங்ஜிங்பார்

ஜிஸ்பா, தார்ச்சா தாண்டியதும் கைப்பேசிக் கோபுரங்கள் விடைபெற்றுக்கொள்கின்றன. வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுபடாது என்று தெரிந்து மகள் போஸ்ட்பெய்டு வாங்கி வைத்திருந்தார். ஆனால் கோபுரமே இல்லாத இடத்தில் எந்த சிம் என்ன செய்யும்?

இந்த வழியின் ஓடைகளை ‘நாலா’ என்கிறார்கள். இரவுக் குளிரில் பனி உருகாததால் காலையில் கணுக்கால் அளவு ஓடும் தண்ணீர், வெயில் ஏற ஏறப் பெருகி மாலை மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். காலையில் கடந்துவிட வேண்டும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் விதி. அன்று வழியில் மண் சரிந்து கிடந்தது. எல்லைச் சாலை நிறுவனத்தின் ஆட்கள் அதை வாரிக்கொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து ஒவ்வொரு கோடைக்கும் வரும் தொழிலாளிகள். நாலாயிரம் மீட்டருக்கு மேல், மூச்சு முழுதாகக் கிடைக்காத காற்றில், மண்வெட்டி பிடிப்பவர்கள். இந்தச் சாலை திறந்திருப்பது அவர்களால்தான். அவர்களைப் படமெடுக்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை.

நாலாவுக்கு வந்தபோது மணி மூன்றரை. முன்னால் போன கார் ஒன்று நடுத்தண்ணீரில் இருமி நின்றது. அதன் ஓட்டுநர் மறுபடி மறுபடி சாவியைத் திருப்பினார். “வேண்டாம், வேண்டாம்!” என்று அப்பா கரையிலிருந்து தமிழில் கத்தினார். அந்த இரைச்சலில் கேட்டிருக்காது, கேட்டாலும் புரிந்திருக்காது. டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்குகிறது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் ஒரு கை தண்ணீர் போனாலும் மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டும், கனெக்டிங் ராடு வளையும். நின்ற இன்ஜினை அப்படியே இழுத்து வெளியே கொண்டுவந்தால் பிழைக்கும். ஸ்டார்ட் செய்தால் போயிற்று.

கரூர் வண்டி தண்ணீரைச் சக்கரத்தின் பாதிவரை வாங்கிக்கொண்டு, ஒரே வேகத்தில், நிற்காமல் ஏறிவிட்டது.

சர்ச்சு

பாரலாச்சா லா கணவாய் 4,890 மீட்டர். அதற்குச் சற்று முன் சூரஜ் தால் ஏரி, பச்சைக் கண்ணாடித் துண்டுபோல். அப்பா இறங்கி நின்று பார்த்தவர் நெடுநேரம் பேசவே இல்லை.

இரவு சர்ச்சுவில் கூடாரம். 4,290 மீட்டரில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது. தாபா நடத்தும் லாஹோல் பெண்மணி குக்கரில் வைத்த ராஜ்மாவும் சோறும் போட்டார். அப்பா பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்துச் சோற்றில் தூவி, அந்த அம்மாளுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். அவர் நக்கிப் பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினார். தலைவலியால் தூங்க முடியாத அந்த இரவில் அடுப்போரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் வெண்ணெய்த் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

காலையில் அப்பா ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். நாலா கடந்தால் பார்ப்பது முறை என்றார். ஃபில்டர் காய்ந்த காகிதமாக, தூசியோடு இருந்தது. பெட்டியின் அடியில் ஈரச்சுவடே இல்லை. மகள் அதை மூன்று படம் எடுத்தார். அவர் எடுத்தது ஞாபகத்துக்காக, பின்னால் யாரிடமாவது காட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்து அல்ல.

கட்டா வளைவுகள்

சர்ச்சு தாண்டினால் 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா ஏற்றம். கொல்லிமலையின் எழுபது வளைவுகளைப் பார்த்தவர்களுக்கு எண்ணிக்கை பெரிதாகத் தோன்றாது. ஆனால் இங்கே மரம் இல்லை, நிழல் இல்லை, குரங்குகூட இல்லை. மண்ணும் வானமும் மட்டும்.

பத்தாவது வளைவுக்குள் இன்ஜின் சத்தத்தில் பிசிறு தட்டியது. அப்பாவின் முகம் மாறியது. அடுத்த வளைவில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, வேகம் செத்தது. இன்னும் கொஞ்ச தூரம் இழுத்து வண்டி நின்றே போனது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை.

பழைய பஸ் என்றால் அப்பாவுக்கு ஐந்து நிமிட வேலை. டீசல் லைனில் காற்றுப் பிடித்திருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை நின்று டீசல் கம்பியாக வந்ததும் முறுக்கினால் கிளம்பிவிடும். இங்கே அவர் பானெட்டுக்குள் குனிந்து, பிளாஸ்டிக் மூடிகளையும் ஒயர்களையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “எனக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணுகூட இதுல இல்ல கண்ணு” என்றார். மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பயணத்தில் அவர் குரல் தளர்ந்தது அந்த ஒரு முறைதான்.

அவர்கள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர்ப் புட்டிகள் குன்றாகக் குவிந்து கிடந்தன. நடுவே சிறு கல்மேடை, சில சிகரெட்டுகள், பிஸ்கட் பொட்டலம். பல வருடங்களுக்கு முன் முதல் பனி விழுந்த நாளில் இங்கே ஒரு லாரி பழுதாகி நின்றதாம். டிரைவர் உதவி தேடி நடந்தார். காய்ச்சலில் கிடந்த கிளீனர் வண்டிக்குக் காவலிருந்தார். பனி வழியை அடைத்தது. டிரைவர் ஆட்களோடு திரும்பிவர நாட்கள் ஆகிவிட்டன; கிளீனர் இறந்து கிடந்தார். அன்றிலிருந்து அவர் வழிப்போக்கர்களிடம் தண்ணீர் கேட்கிறார் என்று சொல்கிறார்கள், கடந்து போகிறவர்கள் வைத்துவிட்டுப் போகிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ, அந்தப் புட்டிகள் உண்மை. மகள் தன் புட்டியை அங்கே வைத்தார். பட்டறைகளில் எத்தனையோ கிளீனர் பையன்களைத் தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

முதலில் வந்த லாரியே நின்றது. பஞ்சாப் லாரி, லேயை நோக்கிக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் கேட்ட முதல் கேள்வி, “தண்ணீர் இருக்கிறதா, பாபுஜிக்கு மூச்சு சரியாக இருக்கிறதா?” இந்தச் சாலையில் நின்ற வண்டியைத் தாண்டிப் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். அவர் லாரியைப் பின்னோக்கி ஒரு மண்மேட்டோடு அணைத்து நிறுத்தினார். பின்னால் வந்த இரண்டு லாரிக்காரர்களும் இறங்கித் தோள் கொடுக்க, கார் மண்மேடு ஏறி லாரிக்குள் போயிற்று. சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, கயிற்றால் கட்டினார்கள். ஒரு மணி நேரம். கிரேன் இல்லை, கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் இல்லை.

பாங்க், தங்லாங் லா

லாரியின் முன்னறையில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். லாச்சுங் லா, பாங்கில் ஒரு முட்டை ஆம்லெட், பிறகு நாற்பது கிலோமீட்டருக்குப் பாய்விரித்த மோரே சமவெளி. ஆடுகளோடு சாங்பா இடையர்கள் தூரத்தில் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். தங்லாங் லா 5,328 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்றே மேல். டிரைவரும் அப்பாவும் பொது மொழி இல்லாமல் நாள் முழுக்கப் பேசினார்கள். கியர், டயர், லோடு, லேலண்ட் என்ற சொற்கள் போதுமாக இருந்தன.

உப்ஷியில் சிந்து நதி எதிர்ப்பட்ட இடத்தில் கைப்பேசிக்கும் உயிர் வந்தது. மகள் சாலையோர உதவி எண்ணை அழைத்தார். மறுமுனைக் குரல் பின்கோடு கேட்டது. கட்டா வளைவுக்கு என்ன பின்கோடு சொல்வது?

லே

லேயின் சர்வீஸ் நிலையத்தில் ‘ஜூலே’ என்று கைகூப்பி வரவேற்ற இளைஞர் நல்லவர். அதில் சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு ஜாப் கார்டில் எழுதினார். நாலா கடந்தீர்களா? கடந்தோம். அதையும் எழுதினார்.

இரண்டு நாளில் சமவெளியிலிருந்து கம்பெனியின் பதில் வந்தது: நீரில் இறங்கியதால் ஏற்பட்ட சேதம், நீட்டிப்பு வாரண்டியில் அடங்காது. இன்ஜினை யாரும் திறக்கவில்லை. வண்டிக்காரர் மறைக்காமல் சொன்ன ஒரு வரியை எடுத்து அவருக்கே எதிரான தீர்ப்பாக எழுதிவிட்டார்கள். இது அநியாயம்.

மகள் இன்சூரன்ஸ் கம்பெனியை அழைத்தார். விபத்து நடந்ததா என்று கேட்டார்கள். இல்லை. இயந்திரக் கோளாறு மோட்டார் பாலிசியின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். வாரண்டி என்பது செய்த பொருளில் குறை இருந்தால் செய்தவர் பொறுப்பேற்பது. இன்சூரன்ஸ் என்பது வெளியிலிருந்து வந்த அடிக்கு ஈடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு நாலா ஓடுகிறது. அதில் நிற்கும் வண்டியை இருவருமே தங்களுடையது இல்லை என்கிறார்கள்.

அன்றிரவு விடுதியில், பாதாமி ஜாம் தடவிய கம்பீர் ரொட்டியைக் கடித்துக்கொண்டு மகள் கையேட்டைப் படித்து முடித்தார். பொருளிலோ செய்நேர்த்தியிலோ உள்ள குறைக்கு மட்டும் பொறுப்பு. சர்வீஸ் ஒன்றுகூடத் தவறக் கூடாது. தேய்மானப் பாகங்கள் சேராது. கலப்பட எரிபொருள், நீர், கவனக்குறைவு சேராது. பிரித்துப் பார்க்கும் கூலி, கோரிக்கை ஏற்கப்படும் வரை வண்டிக்காரருடையது. அந்தக் கூலிக்கு அவர் சம்மதம் எழுதிக் கொடுத்தார். சர்ச்சுவில் எடுத்த மூன்று படங்களையும், எடுத்த நேரத்தோடு, மின்னஞ்சலில் அனுப்பினார்.

பிரித்தபோது சிலிண்டர்கள் காய்ந்திருந்தன, ராடுகள் நேராக இருந்தன. டீசல் ஃபில்டரின் நீர்ப்பிரிப்பானில் தண்ணீர் இல்லை. உயர் அழுத்தப் பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றித் துணியில் தட்டியபோது வெள்ளிப் பொடி மின்னியது. அப்பா அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். புது இன்ஜினில் முதன்முறையாக அவருக்குப் புரிந்த மொழி அது.

‘நீர்’ என்ற காரணம் மறுநாள் மறைந்தது. அதன் இடத்தில் ‘எரிபொருள் கலப்படம்’ வந்து உட்கார்ந்தது.

வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மோசமான டீசலால் பம்ப் தேய்ந்தாலும் பொடி வரும். பம்பே பலவீனமாகச் செய்யப்பட்டிருந்தாலும் அதே பொடிதான் வரும். பொடி எதையும் சொல்லாது. சொல்லக்கூடியது டேங்கில் மிச்சமிருக்கும் டீசல் ஒன்றுதான். அதைத்தான், புதுப் பாகம் போடுவதற்கு முன், மெக்கானிக் கழுவி ஊற்றப் போனார். அது வழக்கமான வேலைமுறை. “டேங்கைக் கழுவாதீங்க!” என்று அப்பா கையை நீட்டித் தடுத்தார். நாலாக் கரையில் கத்திய அதே தமிழ். இந்த முறை புரிந்தது. மூன்று புட்டிகளில் டீசல் பிடித்து, மூடியில் அரக்கு வைத்து, நிலையத்துக்காரரும் மகளும் கையெழுத்திட்டார்கள். ஒன்று நிலையத்துக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று கரூருக்கு.

காத்திருந்த நாட்களில் லே அவர்களைத் தாங்கிக்கொண்டது. கடைவீதி நடைபாதையில் பாதாமிப் பழம் விற்கும் பாட்டிமார்களில் ஒருவர் அப்பாவைத் தினமும் எதிர்பார்க்கத் தொடங்கினார். அந்த நிலையத்தின் மூத்த மெக்கானிக், பனிக்காலத்தில் டீசல் மெழுகாக உறைந்து, டேங்குக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சூடேற்றிய பழைய காலத்தை விவரித்தார். 2019 நவம்பரில்தான் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் இங்கே கொண்டுவந்தது. டீசலின் தன்மை ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாற வேண்டியிருப்பதை இங்கே சின்னப் பையனும் அறிவான். வாரண்டிக் கையேடு நாடு முழுவதற்கும் ஒன்றுதான்.

கடைசியில் கம்பெனி பாதித் தொகையைத் தர முன்வந்தது. பொறுப்பை ஏற்று அல்ல, ‘நல்லெண்ணமாக’. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துக் கேட்டது. மகள் கையெழுத்திடவில்லை. பம்ப், நான்கு நாசில், ரெயில், குழாய்கள், கூலி எல்லாம் சேர்த்து இரண்டே கால் லட்சத்தைக் கட்டினார். என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன் என்று பில்லின் மேல் எழுதினார். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டு முத்திரை வைத்தார். மறுப்புக்கான காரணங்கள் இரண்டையும் எழுத்தில் வாங்கியிருந்தார்.

கரூர்

முன்பெல்லாம் எதிர்த்தரப்பின் ஊரிலோ சம்பவம் நடந்த ஊரிலோதான் நுகர்வோர் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்றது. லே போகும் வழியில் பழுதான வண்டிக்கு, பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள், வீடு இருக்கும் மாவட்டத்தின் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. மகளின் நிரந்தர முகவரி கரூர் என்பதால் மனு கரூரில். பொருளின் குறையை ஆய்வு இல்லாமல் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. அரக்கு வைத்த புட்டியின் பயன் அங்கே. புது வண்டி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. வாரண்டி என்றால் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதுதான், முழு வண்டியை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே ஒரு கார் வழக்கில் சொல்லியிருக்கிறது. கட்டிய பணம், அலைந்த செலவு, அவ்வளவுதான் கோரிக்கை.

முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு பதிலுரைக்கு அவகாசம் கேட்டது. தேதி தள்ளிப்போயிருக்கிறது.

பம்ப் இருக்கும் பெட்டி வீட்டுப் பரணில், பாதாமிக் கொட்டைகள் நிறைந்த டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் பழைய பட்டறைத் தோழர் ஒருவர் வந்து, பெட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். பம்ப் வேலையில் கை தேர்ந்தவர்.

“ஏனுங்கண்ணா, ரெண்டு போல்ட்டு. கழட்டிப் பார்த்தா எங்க தேய்ஞ்சிருக்குதுன்னு இப்பவே சொல்லிப்போடுவனே.”

அப்பாவுக்கும் பார்க்க வேண்டும்தான். முத்திரையை ஒருமுறை தடவிவிட்டுப் பெட்டியை வாங்கிப் பரணில் ஏற்றினார்.

“கோர்ட்டு தொறக்கட்டும் தம்பி.”